குட்டையன் கும்பிட்டானா?

என் வயசுச் சோட்டு ஆட்களே, எல்லோரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். முட்டி வலிக்கிறவன் நாற்காலியில் உட்காரலாம். காது கேட்காதவன் முன்னால் வரலாம். இரண்டும் சரியாக இருக்கிற ஆள் நம் செட்டில் எவனும் இல்லை. ஜவுளிக்கடைக்காரா, நீ கடையைச் சாத்திவிட்டே வா. இந்தச் சேதி முக்கியமாக உனக்குத்தான்.

நீங்கள் எல்லோரும் என்னைக் 'கும்பிடு' என்று கூப்பிடுகிறீர்கள். ஆத்தா அப்பன் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. என் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது, நம்ம ஊர்க்காரனா?" என்று கேட்டவர்கள் உண்டு. என் மினி லாரிக்கு 'கும்பிடு வண்டி' என்றே பெயர். சின்னமனூர் மார்க்கெட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், நான் ரொம்ப மரியாதை தெரிந்தவன், கண்ட இடத்தில் கையெடுத்துக் கும்பிடுகிறவன், அதனால்தான் இந்தப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரை நாள் பழகிய பிறகு குழம்பிப் போகிறார்கள்.

காரணம் உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு கோடையில் நான் ஒரு விஷயத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன். நீங்கள் பொய் என்றீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. சுருளியில் யானை என்னிடம் வழி கேட்டது என்று அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தேன்.

அந்தக் கோடையில்தான் மஸ்கட்டிலிருந்து என் மாமா வந்தார். அம்மாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சென்ட் பாட்டில் உடைந்து, அத்தனை சாமானும் ஒரே வாசம். அம்மாவுக்கு வந்த சேலை, அப்பாவுக்கு வந்த டார்ச் லைட், எனக்கு வந்த வீடியோ கேம், எல்லாமே மாப்பிள்ளை வாசம் அடித்தது. கடைசி வரைக்கும் அந்த கேமை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் மாமா பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும்.

சாம்பல் நிறம். செங்கல் மாதிரி கனம். இடது பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான், வலது பக்கம் வட்டமாக இரண்டு. நடுவில் சின்னக் கண்ணாடி. கண்ணாடிக்குள் குளத்துத் தண்ணீர் மாதிரி பாசி நிறம். முதுகில் ஒரு கேசட்டைச் சொருக வேண்டும். அந்தக் கேசட்டில் இருந்த எழுத்தை ஊரில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "சீன எழுத்து" என்றார். மாமா, "ஜப்பான் எழுத்துங்க சார்" என்றார். வாத்தியாரும் நானும் ஒரே பரீட்சையில் ஒரே மார்க்கு எடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பெயர் படிக்க முடியாததால் நாமே பெயர் வைத்தோம். உள்ளே ஓடுகிறவன் கட்டை விரல் நகத்தில் பாதி உயரம் இருப்பான். தலையில் சட்டி கவிழ்த்திருப்பான். கிணறு தாண்டுவான், தவளை மேல் மிதிப்பான், மேகத்தில் ஏறுவான். அவனுக்குக் 'குட்டையன்' என்று பெயர் வைத்தது நீதான், ஜவுளிக்கடைக்காரா. ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு இருக்கிறது. இந்தக் கதையே அதைப் பற்றித்தான்.

இப்போதைய போன் மாதிரி அதற்குள் வெளிச்சம் கிடையாது. வெயில் விழுந்தால்தான் குட்டையன் தெரிவான். ரொம்ப வெயில் விழுந்தால் கண்ணாடி பளபளத்து அவன் மறைந்துவிடுவான். அதனால் அதற்கு ஏற்ற இடம் திராட்சைப் பந்தல்தான் என்று கண்டுபிடித்தோம். அப்பா காவல் பார்த்த தோட்டம், அனுமந்தன்பட்டி போகிற வழியில். பந்தலுக்குக் கீழே ரூபாய் ரூபாயாக வெயில் விழுந்து கிடக்கும். ஒரு துண்டு வெயிலில் குட்டையனை வைத்து விளையாடுவோம். வெயில் நகர நகர நாமும் குந்தியபடியே நகருவோம். பூச்சி வராமல் இலைக்கு அடித்த மயில்துத்தம் கையில் ஒட்டி, விரலிலிருந்து பொத்தானுக்கு ஏறி, அந்த இரண்டு வட்டப் பொத்தானும் மயில் கழுத்து நிறமாகவே ஆகிவிட்டது.

பேட்டரி செல் தீர்ந்தால் புதுச் செல் வாங்க வீட்டில் கேட்க முடியாது. பழைய செல்லைக் கழற்றிப் பாறை மேல் காய வைப்போம். கருவாடு மாதிரி. கொஞ்ச நேரம் உயிர் வரும்.

உயிர் என்றதும்தான் வினையே வந்தது.

குட்டையனுக்கு மூன்று உசுரு. நாம் மூன்று பேர்: நான், ஜவுளிக்கடை வீட்டுப் பையன், பால்காரர் மகன். ஆளுக்கு ஒரு உசுரு என்று பிரித்துக்கொண்டோம். ஒருத்தன் உசுரு போனால்தான் அடுத்தவனுக்கு முறை வரும். ஆகவே ஒருத்தன் விளையாடும்போது மற்ற இரண்டு பேருடைய பிரார்த்தனையும் அவன் உசுரு போக வேண்டும் என்பதுதான்.

இதே சமயத்தில் என் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு மாதிரி ஆகி, கட்டிலோடு கிடந்தார். கீழாநெல்லிச் சாறு, உப்பில்லாக் கஞ்சி. வீட்டில் தாளிக்கிற வாசமே கிடையாது. எண்ணெய் வாசம் அவருக்குக் குமட்டும் என்று அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை. எனக்கு அப்பாவின் நோயைவிட அந்தக் கஞ்சிதான் பெரிய துக்கமாக இருந்தது. அவ்வளவு நல்ல மகன்.

ஒரு நாள் வீட்டுக்குப் பின்பக்கம், சுவரோரமாக உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தோம். மேலே சன்னல். சன்னலுக்கு உள்ளே அப்பா. கஞ்சிக் கிண்ணத்தோடு அம்மா.

பால்காரர் மகன் சொன்னான்: "ஏலே, குட்டையனுக்கு ஒரு உசுருதான்லே பாக்கி. அதுவும் இப்பப் போயிரும்."

ஜவுளிக்கடை வீட்டுப் பையன் சொன்னான்: "போகட்டும்லே. சீக்கிரம் போனாத்தான அடுத்தாப்புல எனக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறுங்கலே, நானே கொன்னுட்டுத் தாரேன்."

இன்னொரு தகவலையும் இங்கே சொல்ல வேண்டும். என் அப்பா உயரம் கம்மி. ஊரில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த பெயர் 'குட்டை'. நாம் யாரும் அதை நினைத்துப் பொம்மைக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் சன்னலுக்கு உள்ளே இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

அம்மா விளக்குமாற்றோடு வந்தார். "யாரு உசுருடா போகணும்? எந்தக் குட்டையன் உசுருடா போகணும்? சொல்லுங்கடா வெளங்காத பயலுகளா!"

"கேமுல இருக்குற குட்டையன் அத்தே" என்று ஜவுளிக்கடை வீட்டுப் பையன் அழுதான்.

"கேமுக்குள்ள எப்படிடா உசுரு வரும்? எவன் உசுர எடுத்து இதுக்குள்ள வச்சிருக்கீக?"

கேள்வி நியாயமானது. இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

அன்று சாயங்காலமே என்னையும் கேமையும் பாளையம் பள்ளிவாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். நம் பக்கத்தில் பிள்ளை பயந்துபோனால், காய்ச்சல் விடாவிட்டால் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் அங்கே போய் ஓதச் செய்து வருவது வழக்கம்தானே. தொழுகை நடத்தி முடித்து வெளியே வந்த அசரத்து தண்ணீர்ச் சொம்பில் ஓதினார், என் முகத்தில் ஊதினார். பிறகு அம்மா முந்தானையில் சுற்றி வைத்திருந்த கேமை எடுத்து நீட்டினார்.

"இதுக்குள்ள மூணு உசுரு இருக்குன்னு பயலுக சொல்றாக. எங்க வீட்டு ஆளு வேற படுத்த படுக்கையாக் கெடக்காக. கொஞ்சம் பாருங்க."

அசரத்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகு மூடியைக் கழற்றினார். "ஏம்மா, இதுக்குள்ள உசுரு ஒண்ணும் இல்ல. செல்லுதான் இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "நம்ம மவனும் சவுதியிலருந்து இதே மாதிரி கொண்டாந்திருக்கான். நீ எத்தனாவது ஸ்டேஜுல நிக்கிற?" என்று கேட்டார்.

அம்மாவுக்குப் பாதி மனதுதான் ஆறியது. கேம் என் கைக்குத் திரும்பி வந்தது. ஆனால் வீட்டுப் பக்கம் அதைக் கொண்டுவரக் கூடாது, தோட்டத்தோடு இருக்க வேண்டும் என்று உத்தரவு. விளக்குமாற்றுக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஆக, மூன்று உசுரும் எனக்கே.

தனியாக விளையாடியதால் தேறிவிட்டேன். படிப்பில் வராத தேர்ச்சி அதில் வந்தது. ஒரு மத்தியானம், பந்தலுக்குக் கீழே, கடைசி ஸ்டேஜில் பெரிய தவளையைக் குட்டையன் மிதித்துவிட்டான். இசை மாறியது. செல் தீர்ந்துகொண்டிருந்ததால் கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. அந்த மங்கலில் குட்டையன் நடுவில் வந்து நின்றான். என்னைப் பார்த்துத் திரும்பினான். தலைச் சட்டியை எடுத்துக் கீழே வைத்தான். இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து, கும்பிட்டான். அவ்வளவுதான். செல் செத்தது.

அதுவரைக்கும் என்னை ஒருத்தரும் கும்பிட்டதில்லை. கோயில் வாசல் பிச்சைக்காரர்கூட என்னைப் பார்த்தால் கையை மடக்கிக்கொள்வார். கேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கத்திக்கொண்டே ஓடினேன்.

"முடிஞ்சிருச்சு! குட்டையன் கும்பிட்டுட்டான்! எல்லாம் முடிஞ்சிருச்சு!"

வீட்டு வாசலில் கூட்டம். ஜீப் நிற்கிறது. அப்பா மயங்கி விழுந்து, நான்கு பேர் தூக்கி ஜீப்பில் கிடத்திக்கொண்டிருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. அந்தக் கூட்டத்தின் நடுவேதான் நான், 'குட்டையன், எல்லாம் முடிஞ்சிருச்சு' என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டு போய் நின்றேன்.

அம்மா அடித்த அடியில் இந்தப் பக்கத்துக் காது இன்னும் மழைக்காலத்தில் குடைகிறது. கேமைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் முல்லைப் பெரியாற்றுப் பாலத்தில் ஏறியதும் அதை ஆற்றில் வீசிவிட்டார் என்று கூடப் போன மாமா பிறகு சொன்னார். கேசட்டும் அதோடு போயிற்று.

அப்பா பிழைத்துக்கொண்டார். டாக்டர் போட்ட ஊசியும் ஏற்றிய பாட்டிலும் அம்மா கணக்கில் சேராது. கேம் ஆற்றில் விழுந்த நிமிஷம் அப்பா கண்ணைத் திறந்தார் என்றுதான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் எனக்கு அம்மா மேல் தீராத கோபம். இப்போது நினைத்தால் வேறு மாதிரி தெரிகிறது. புருஷன் மடியில் கிடக்கிறார், மூச்சு இருக்கிறதா இல்லையா தெரியவில்லை. ஜீப் குலுங்குகிறது. எதையாவது தூக்கி எறிந்தே ஆக வேண்டும் போல இருந்திருக்கும். கையில் அதுதான் இருந்தது.

அப்பா வீடு திரும்பிய பிறகுதான் உங்களிடம் சொன்னேன், குட்டையன் என்னைக் கும்பிட்டதை. ஜவுளிக்கடைக்காரா, நீ அப்போது சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ஏலே, வெளிநாட்டுப் பொம்மைக்குக் கும்பிடத் தெரியுமாலே? அதுவும் உன்னைய? நீ என்ன ஊரு நாட்டாமையா? யான வழி கேட்டுச்சு, பொம்ம கும்புட்டுச்சு, நாளைக்குத் தவள வந்து பொண்ணு கேக்கும்!"

அன்றிலிருந்து நான் கும்பிடு. நம்பியவர் ஒருத்தர்தான். கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, "நெசமாவே கும்பிட்டானாலே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நல்லவன்தான்" என்றார்.

இனிமேல் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். கொஞ்ச நேரம்தான்.

அந்த அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் ஞாபகம் போனது உங்களுக்குத் தெரியும். முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு ஆட்கள். வாழ்நாள் முழுக்க என்னை 'ஏலே' என்று கூப்பிட்ட மனிதர், ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க. நீங்க எந்த ஊரு?" என்றார். அப்பன் மகனுக்கு மரியாதை கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மாதிரி மரியாதை எதிரிக்கும் கிடைக்க வேண்டாம்.

இந்த வருஷம் எனக்கும் சில்லறையாக ஆரம்பித்தது. தேனிக்கு ஏற்றிய முட்டைக்கோசைப் போடியில் கொண்டுபோய் இறக்கினேன். மார்க்கையன்கோட்டையில் டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி, "வண்டி எங்கங்க?" என்று கேட்டபோது, "எந்த வண்டி?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தாத்தாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்தவள்.

மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறாள். என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்தார். ராத்திரி வண்டி ஓட்டித் தூக்கம் கெட்டுப்போயிருக்கிறது, சத்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள், வேறு ஒன்றும் இல்லை என்றார். மகள் தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னைச் சோதிக்க ஆரம்பித்தாள். "அப்பா, உங்க சின்ன வயசுக் கத சொல்லுங்க." நானும் ஆசையாகச் சொன்னேன். குட்டையன் கும்பிட்டதைச் சொன்னேன். அவள், "அப்படியாப்பா, சரிப்பா" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். தாத்தா, மூணாறிலிருந்து கப்பல் வந்திருக்கிறது என்று சொன்னபோது இதே குரலில்தான் 'சரி தாத்தா' சொல்வாள்.

அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன். என் தலைக்குள் பளிச்சென்று இருக்கிற ஞாபகம் அது ஒன்றுதான். நீங்கள் இத்தனை வருஷம் பொய் என்றீர்கள். அது உண்மையிலேயே நடக்கவில்லை என்றால்? மங்கிப்போன கண்ணாடியில் நானாக எதையோ பார்த்திருந்தால்? அப்பாவுடைய கப்பல் எனக்கு அந்த வயதிலேயே வர ஆரம்பித்துவிட்டதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து ஒரு சத்தம். டிங், டிடிங். எட்டிப் பார்த்தேன். போனுக்குள் பாசி நிறக் கண்ணாடி. கூட்டல் குறி. இரண்டு வட்டம். எனக்கு மாமாவின் சென்ட் வாசம் அடித்தது.

"என்னத்தா இது?"

"பழைய கையடக்க கேமுப்பா. எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. அத இதுல போட்டா, இந்தப் போனு அந்த மெசினு மாதிரியே நடிக்கும்."

"நடிக்குமா?"

"தன்னையவே அந்த மெசினுன்னு நெனச்சுக்கும்ப்பா. அப்பறம் கேசட்டுல இருந்தத இதுக்குள்ள எறக்கிட்டாப் போதும். அதுக்கு வித்தியாசமே தெரியாது."

"அது சரி. சாமியாடிக்கும் அப்படித்தான். எங்க ஆத்தா பேய ஓட்டக் கூட்டிட்டுப் போச்சு. நீ போனுக்குள்ள எறக்குற. ஏத்தா, குட்டையன எறக்க முடியுமா?"

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அந்த கேமு பேரு என்னப்பா?"

"அதான், குட்டையன்."

"அது நீங்க வச்ச பேரு. கம்பெனி வச்ச பேரு?"

"கம்பெனி என்னையக் கேட்டா வச்சான்?"

பெயர் இல்லாமல் தேடுவது லேசான வேலை இல்லை. இந்தப் பழைய கேம்களுக்கென்றே கிறுக்குப் பிடித்த ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம், நெட்டில் ஒன்றாகக் கூடிப் பேசிக்கொள்வார்களாம். நம் செட் மாதிரி, ஆனால் உபயோகமுள்ளவர்கள். அங்கே மகள் எழுதிப் போட்டாள். தினமும் படம் வரும். ஒருத்தன் வாத்து. ஒருத்தன் கத்தி வைத்திருந்தான். ஒருத்தன் நெட்டை. "இவனாப்பா?" "இல்லத்தா." "இவனாப்பா?" "இல்லத்தா." ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவள் முகம் கொஞ்சம் வாடும். அப்படி ஒருத்தன் இருந்தானா என்றே யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

கடைசியில் நான் அந்த இசையைப் பாடிக் காட்டினேன். அவள் அதைப் பதிவு செய்து அனுப்பினாள். இரண்டு மூன்று நாளில் ஏதோ ஒரு நாட்டு ஆள் பதில் போட்டார், இதுதான் என்று.

"நீங்க பாடுனதக் கேட்டும் ஒரு ஆளு பதில் போட்டிருக்காகன்னா, பெரிய மனசுதான் அவுகளுக்கு" என்றாள் வீட்டுக்காரி.

படத்தைப் பார்த்தேன். அவனேதான்! ஆனால் மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, தலையில சட்டின்னீக. இது மணிப்பா. கோயில் மணி. அந்தா, நாக்குத் தொங்குது பாருங்க."

மணிதான். சட்டி இல்லை. ஆயிரம் தடவை பார்த்த சாமானை இத்தனை வருஷம் சட்டி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சட்டியே தப்பு என்றால், ஒரே ஒரு தடவை, அதுவும் சாகப்போகிற செல்லில் பார்த்த கும்பிடு எப்படிச் சரியாக இருக்கும்?

"ஆடிப் பாத்துருவம்ப்பா" என்றாள் பிறகு.

"வேற எவனாவது ஆடி முடிச்சத நெட்டுல போட்டிருக்க மாட்டானா?"

"இருக்கும். ஆனா நீங்களே ஆடிப் பாத்தாத்தான் நம்புவீக."

ஆடினோம். அமுக்குவதற்குப் பொத்தானே இல்லை, வெறும் கண்ணாடி. கண்ணாடியைத் தடவுவது ஒரு விளையாட்டா? தாண்டு என்று தடவினால் கட்டை விரல் வழுக்கிப் போய் யாருக்கோ போன் அடித்துவிட்டது. முதல் கிணற்றிலேயே குட்டையனைப் பல தடவை கொன்றேன். அப்போதுதான் மகள் ஒரு வித்தை காட்டினாள். ஒரு இடம் வரைக்கும் வந்ததும் 'சேவ்' என்று ஒன்றை அமுக்கினால், செத்தாலும் அங்கேயிருந்தே எழுந்துகொள்ளலாம். நம் காலத்தில் செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து வர வேண்டும். ஜவுளிக்கடைக்காரா, இது கள்ள ஆட்டம் என்று நீ சொல்வாய். உன் கண்ணுக்குள் லென்ஸ் வைத்ததும் கள்ள ஆட்டம்தான். பொத்திக்கொண்டு கேள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினோம். ஆச்சரியம் என்னவென்றால், எந்த மேகம் விழும், எந்தத் தவளை குதிக்கும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்திருந்தது. போன மாதம் ஒரு ஞாயிறு, கடைசி ஸ்டேஜ். பெரிய தவளை. மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மிதித்துவிட்டேன்.

இசை மாறியது.

கண்ணாடி கறுத்தது. கீழேயிருந்து எழுத்து மேலே ஏறியது. ஒரு வரி, இன்னொரு வரி, கோழி கிளறின எழுத்து. குட்டையனைக் காணவில்லை. எழுத்து ஏறிக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சிருச்சுப்பா" என்றாள் மகள். "கேமு செஞ்சவுக பேரு வருது."

அப்படி எழுத்து வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. சட்டி தப்பு. எழுத்து ஞாபகத்தில் இல்லை. கும்பிடும் இல்லை.

"விடுத்தா" என்று எழுந்தேன். "மதுரைக்கு இன்னொருக்காப் போயி வருவம். அந்த டாக்டரம்மாட்ட நெசத்தச் சொல்லிருவம்."

"உக்காருங்கப்பா."

"என்னத்த உக்கார?"

"உக்காருங்கங்குறேன்ல. இன்னும் பாட்டு நிக்கல."

உட்கார்ந்தேன். எழுத்து ஓய்ந்தது. கண்ணாடி வெளுத்தது. இடது ஓரத்திலிருந்து ஒருத்தன் குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைத்து நடந்து வந்தான். நடுவில் நின்றான். எங்களைப் பார்த்துத் திரும்பினான். தலையிலிருந்த மணியை எடுத்துக் கீழே வைத்தான். இரண்டு கையையும் சேர்த்தான். குனிந்தான்.

கும்பிட்டான்.

மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே நான் எது செய்கிறேன் என்று தெரியவில்லை. எத்தனையோ மாதமாகத் தலையில் ஏற்றிக்கொண்டு திரிந்த லோடை யாரோ சரியான ஊரில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

எழுத்து ஏன் ஞாபகம் இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. படிக்கத் தெரியாத பயல் எழுத்தை எப்போது மதித்தான்? பள்ளிக்கூடத்தில் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டார்களே, அதில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா? எழுத்து ஓடியபோது நான் பந்தலில் திராட்சை பறித்துத் தின்றுகொண்டிருந்திருப்பேன். மரியாதை கிடைத்தது, அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னவாம்? கும்புட்டானா?"

"கும்புட்டான்மா" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அப்பா சொன்ன மாதிரியே கும்புட்டான்."

"அப்ப அந்த யான?"

"அது பொய்" என்றேன்.

குட்டையன் குனிந்தபடியே நின்றான். இந்தத் தடவை செல் சாகவில்லை, நான் போதும் என்கிற வரைக்கும் நின்றான். மகள் கண்ணைத் துடைத்துவிட்டு, விரலைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இந்த எடத்துல சேவ் பண்ணி வைக்கவாப்பா? எப்ப வேணும்னாலும் எடுத்துப் பாத்துக்கலாம்."

"வேணாம் ஆத்தா" என்றேன். "எனக்கு ஞாபகம் இருக்கும்."